தெள்ளும் இலையானும்: ரொறன்ரோவிலிருந்து மொன்டானாவுக்கு 2,670 கிலோமீற்றர்

போன மாதம் மில்லிக்கனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மொன்டானாப் பக்கம் காரில் போகலாமா, எத்தனை நாள் பிடிக்கும், வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். 1997 யூலையில் நான் போய்வந்திருக்கிறேன். நாலு நாள் பிடிக்கும், வழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நான் போனது விடுமுறைக்கல்ல. பிளேக் நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கப் போன ஒருத்திக்குச் சாரதியாகப் போனேன்.

அப்போது நாங்கள் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் இருந்தோம். எனக்குப் பேக்கரி வான் ஓட்டுகிற வேலை. காலையில் பாண் ஏற்றினால் பத்து மணிக்குள் முப்பத்தாறு கடைகளுக்கு இறக்கி முடிக்க வேண்டும். என் மனைவி சுபாவின் தங்கை வதனி எங்களோடு இருந்தாள். பதினொரு வயதில் கனடாவுக்கு வந்தவள், பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதுகலை செய்துகொண்டிருந்தாள். படிப்பில் விண்ணி. கார் ஓட்டத்தில் மட்டும் பூச்சியம். சாரதிப் பரீட்சையில் மூன்று முறை சறுக்கியவள். மூன்றாம் முறை பரீட்சகர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார் என்று வீட்டில் பகிடி பண்ணுவோம். அவளோடு மொன்டானாவுக்குப் போகவிருந்த மாணவி கடைசிக் கிழமையில் காலை முறித்துக்கொண்டதும் சுபாவின் கண் என் மேல் விழுந்தது.

“வதனிக்கு நாய் பாக்கப் போகவேணுமாம். நீங்கள் லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ.”

“நாய் பாக்க அமெரிக்காவுக்கோ? கீழ் வீட்டுக்காரன்ர நாய் குலைக்கிறது காணாதோ?”

“உது நாயில்லையாம். அணில் மாதிரி ஏதோ. தனிய விடேலாது, சொல்லிப்போட்டன்.”

பெயர் பிரெய்ரி டோக், அதாவது புல்வெளி நாய். குலைப்பது போலச் சத்தம் போடுவதால் வந்த பெயர். உண்மையில் அணில் குடும்பம். பூனைக்குட்டியை விடக் கொஞ்சம் பருத்த உடம்பு, கட்டை வால். நிலத்துக்குள் வளை தோண்டி நூற்றுக்கணக்கில் கூட்டமாக வாழும். அந்தக் கூட்டத்தைத்தான் கொலனி என்கிறார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் வதனி குசினி மேசையில் வரைபடம் விரித்தாள். மூன்று கொலனிகள். கிழக்கில் இருந்தது போன வருஷம் பிளேக்கில் அழிந்துவிட்டது. நடுவில் இருந்தது அந்த வசந்தத்தில் போய்விட்டது. மேற்கில் இருந்தது இன்னும் உயிரோடு இருந்தது. மேற்குக்கும் நடுவுக்கும் இடையில் 24 கிலோமீற்றர். நோய் மேற்குக்கும் வருமா, வந்தால் எந்த வழியால் வரும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்கு மேற்குக் கொலனியில் யாரும் மருந்து போடக்கூடாது, கை வைக்கக்கூடாது. எண்ணிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

“அத்தான், முக்கியமான விசயம். ஒரு கொலனியில இருந்து மற்றதுக்குப் போகேக்க எங்களோட ஃப்ளீ ஒண்டும் வரப்படாது. விளங்கினதோ?”

“ஓம், ஓம்.”

எனக்கு விளங்கியது ஃப்ளை. அதாவது இலையான். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் ஈயை இலையான் என்போம்.) தெரியாததற்கும் தெரிந்தமாதிரித் தலையாட்டுவது என் பழைய வியாதி. அன்று பின்னேரமே கடைக்குப் போய் இலையான் அடிக்கிற மட்டை இரண்டும், தொங்கவிடுகிற பசைக் கடதாசிச் சுருள் ஆறும் வாங்கி, பயணத்துக்கு எடுத்த வானில் வைத்தேன். வதனி கண்டாள். கூடாரமடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவை என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

யூலை 5, சனிக்கிழமை, காலை 5.10க்குப் புறப்பட்டோம். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, சட்பரி கடந்து, 17ஆம் இலக்க வீதியால் சூ செயின்ற் மரிக்குப் போக 700 கிலோமீற்றர். இரண்டு முறை தேத்தண்ணிக்கு நின்றதோடு பிற்பகல் 2.40க்கு, அமெரிக்காவுக்குக் கடக்கிற பாலத்தடிக்கு வந்துவிட்டோம். பெற்றோலைக் கனடாப் பக்கத்தில் நிரப்பாதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் விலை நன்றாகக் குறையும்.

பாலத்தின் மறுகரையில் எல்லை அதிகாரி என்ன அலுவலாகப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வதனி ஆங்கிலத்தில் “பிளேக்” என்றுவிட்டாள். நாற்பது நிமிஷம் போனது. பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டி, மேலதிகாரி வந்து, பெட்டியில் இருந்த வெள்ளைத் துணிகளையும் போத்தல்களையும் பார்த்து, கடைசியில் என்னிடம் கேட்டார்கள்: நீங்களும் விஞ்ஞானியா? பாண் வான் ஓட்டுகிறேன் என்றேன். அதை உடனே நம்பிவிட்டார்கள்.

அன்றிரவு பாலத்தடியில் 38 அமெரிக்க டொலருக்கு ஒரு மோட்டல். அடுத்த நாள் டுலூத் வரை 660 கிலோமீற்றர், பாதி வழிக்கு மேல் காடு. மூன்றாம் நாள் மைநொற் வரை 765. நாலாம் நாள் மோல்ற்றா என்ற சிறிய ஊருக்கு 545. டுலூத்திலிருந்து 2ஆம் இலக்க வீதி ஒன்றையே பிடித்துக்கொண்டு போனால் போதும், திருப்பம் தேட வேண்டியதில்லை. மணிக்கூட்டை மட்டும் இரண்டு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுங்கள். வடக்கு டக்கோட்டாவில் வீதி இழுத்துப் பிடித்த நூல் மாதிரி நேராகப் போகும். நித்திரை வரும். வதனியைக் கதைக்க வைத்தேன்.

அவள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு அழகாக விளங்கியது. பிரெய்ரி டோக்குகள் உறவுக்காரரைக் கண்டால் வாயோடு வாய் வைத்து முகர்ந்துதான் அடையாளம் காணுமாம். ஒரே வளையில் ஒரு குடும்பமே நெருக்கி அடித்துப் படுக்குமாம். ஒன்றுக்கு நோய் வந்தால் வளைக்கு வளை பரவி, சில கிழமைகளில் கொலனி முழுக்கச் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடுமாம். இளம் ஆண்கள் புது இடம் தேடிப் போகும்போதும், கொயோட்டி நரிகள் செத்ததைத் தின்றுவிட்டு அடுத்த கொலனிக்குப் போகும்போதும் நோயைக் காவுகிற பூச்சியும் கூடப் போகுமாம். எனக்கு அது பாண் விநியோகம் போலவே தெரிந்தது. ஒவ்வொரு கடையாக இறக்கிக்கொண்டு போகிற வான். காவுகிறவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, இறக்கிய இடத்தில்தான் அழிவு. அதைச் சொன்னதும் வதனி கைகொட்டிச் சிரித்து, கொப்பியில் குறித்துக்கொண்டாள். அந்த வான் யார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மோல்ற்றாவில் எங்களைச் சந்தித்தவர் டேல் என்ற பண்ணைக்காரர். மூன்று கொலனிகளும் அவர் மாடு மேய்க்கும் நிலத்தில்தான் இருந்தன. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குப் பிரெய்ரி டோக்கைக் கண்ணில் காட்டக்கூடாது, மாட்டுக்குரிய புல்லைத் தின்றுவிடும் என்பார்கள். பிறகு ஏன் உதவி செய்கிறீர்கள் என்று கேட்டேன். “என் புல்லைத் தின்கிறவைதான். ஆனால் அவை இல்லாமல் போன பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு அமைதி,” என்றார்.

யூலை 9, புதன்கிழமை. சரளைக்கல் வீதியில் 62 கிலோமீற்றர் தெற்கே போனால் நடுக் கொலனி. டேல் சொன்னது உண்மை. பார்த்த இடமெல்லாம் மண் மேடுகள், ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் ஒரு துவாரம், துவாரத்தின் வாயில் சிலந்தி வலை. குலைப்பு இல்லை, ஓட்டம் இல்லை. ஒரு ஊரே வீட்டைப் பூட்டாமல் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

வதனி முழங்கால்வரை காலுறையை இழுத்து, காற்சட்டையை அதற்குள் செருகி, பூச்சிமருந்து அடித்துக்கொண்டு இறங்கினாள். நீளமான வளைகம்பி ஒன்றின் நுனியில் வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டி வளைக்குள் விட்டு, மெல்ல இழுத்து, போத்தலில் போட்டாள். ஏதோ பரிசோதனை என்று நினைத்துக்கொண்டேன். என்னை வானடியிலேயே நிற்கச் சொன்னாள். நானும் சொல் தவறவில்லை. கண்ணாடிகளை இறுக்கிப் பூட்டினேன், பசைக் கடதாசி இரண்டைத் தொங்கவிட்டேன், சுற்றிவரப் பார்த்தேன். ஒரு இலையான்கூட இல்லை. சரி, ஆபத்தில்லை என்று வானிலிருந்து நாலு அடி தள்ளியிருந்த மேட்டில் சுபாவின் சிவப்புப் பெட்சீற்றை விரித்துச் சாய்ந்து இருந்து, பாணும் ரின் மீன் சம்பலும் சாப்பிட்டேன். வெயில் இதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பயணம் தொடங்கியதிலிருந்து நான் மிகச் சந்தோஷமாக இருந்த அரை மணித்தியாலம் அதுதான்.

பின்னேரம் 3.15க்கு மேற்குக் கொலனிக்குப் போனோம். வழியில் வதனி சப்பாத்துக்கு மருந்து அடித்தாள், உடுப்பு மாற்றினாள், பழைய உடுப்பைக் கறுப்புப் பையில் கட்டினாள். “அத்தான், நீங்கள் வானடியை விட்டுப் போகேல்லைத்தானே?” என்று கேட்டாள். வானடியில்தான் நின்றேன் என்றேன்.

மேற்குக் கொலனி திருவிழா மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் நிமிர்ந்து நிற்கிற உருவங்கள். ஒன்று குலைக்க மற்றது குலைக்க, குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. பெரிதொன்று கையை மேலே எறிந்து, தலையைப் பின்னால் சாய்த்து, “யிப்” என்று எம்பிக் கூவியதில் நிலைதவறி மல்லாக்க விழுந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். வடக்கு ஓரத்தில் இருந்து வடிவாகப் பார்க்கலாம் என்று பெட்சீற்றை எடுத்துக்கொண்டு போனேன். விரிக்குமுன் உதற வேண்டாமா? பாயோ விரிப்போ, உதறாமல் விரிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காற்றுப் பக்கமாக நின்று இரண்டு தரம் நன்றாக உதறினேன்.

“அத்தான்! உது மத்தியானம் எங்கை விரிச்சனீங்கள்?”

வதனியின் குரல் அப்படி மாறி நான் கேட்டதில்லை. சொன்னேன். மேட்டில் என்றேன். எந்த மேட்டில் என்று கேட்டாள். துவாரத்துப் பக்கத்தில் என்றேன். “ஆனா இலையான் ஒண்டும் இல்லை வதனி, நான் வடிவாப் பாத்தனான்” என்றும் சொன்னேன்.

“இலையானோ? என்ன இலையான்?”

“நீதானே சொன்னனீ, ஃப்ளை வரப்படாதெண்டு.”

அவள் அப்படியே குந்திவிட்டாள். “ஃப்ளை இல்லை அத்தான், ஃப்ளீ. சின்னன். பறக்காது, துள்ளும். நாயில, பூனையில இருக்கும். அதுக்குத் தமிழ் எனக்குத் தெரியேல்லை.”

“தெள்ளு!” என்றேன். “கடவுளே. தெள்ளெண்டு சொல்லியிருந்தா அந்தக் கணமே எனக்கு விளங்கியிருக்குமே.”

வளைக்குள் வாழ்ந்தது செத்துப்போனால் தெள்ளு மேலே ஏறி வளை வாயில் வந்து காத்திருக்குமாம், அடுத்த சூடான உடம்பு வரும் வரைக்கும். அவள் வெள்ளைத் துணியை வளைக்குள் விட்டது தெள்ளு பிடிக்கத்தான். நான் அதே வேலையை ஆறடிப் பெட்சீற்றால் செய்து, 24 கிலோமீற்றர் காவி வந்து, உயிரோடு இருந்த கொலனியில் உதறியிருக்கிறேன். கொயோட்டி செய்வதை நான் செய்தேன். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை மணந்து பன்னிரண்டு வருஷமான சுபாகூட நான் அழுததைப் பார்த்ததில்லை. வதனி பார்த்துவிட்டாள்.

பெட்சீற்றைப் பையில் போட்டு மடிப்பு மடிப்பாகத் தேடியதில் இரண்டு தெள்ளு கிடைத்தன. போத்தலில் அடைத்தாள். உதறியதில் எத்தனை விழுந்தன என்று யாருக்குத் தெரியும்? மாடு பார்க்க வந்த டேலுக்கும் சொன்னோம். அவருடைய கொட்டிலில் தெள்ளு கொல்லும் பவுடர் மிச்சம் இருந்தது, நூற்றைம்பது வளைக்குக் காணும் என்றார். போட்டால் அந்தப் பக்கத்து விலங்குகள் தப்பலாம். ஆனால் மருந்து பட்ட கொலனி வதனியின் ஆய்வுக்கு உதவாது, இரண்டு வருஷ வேலை போய்விடும். என்னால் அவள் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதாகப் போயிற்று.

வான் படியில் பத்து நிமிஷம் இருந்தாள். பிறகு எழும்பி, “போடுவம் அத்தான். இதுகள் உயிரோட நிண்டாத்தானே நான் எண்ணலாம்,” என்றாள்.

முகமூடி கட்டிக்கொண்டு மூவருமாகக் கைப் பம்பியால் வடக்கு ஓரத்து வளைகளுக்குப் பவுடர் அடித்தோம். அங்கே கோடையில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். 148 வளை. நான்தான் எண்ணினேன். மோட்டலுக்கு வந்து பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தபோது அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சரியாக விளக்காதது தன் பிழை என்றுதான் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட அவள் இரண்டு வசவு பேசியிருக்கலாம்.

அடுத்த ஒன்பது நாளும் விடிய ஆறு மணிக்கு வானுக்குள் இருந்தபடி தொலைநோக்கியால் எண்ணினோம். நோய் வந்தால் குலைப்புக் குறையும், மேட்டில் நிற்பவை குறையும். 209, 211, 208. ஒன்று குறைந்தாலும் நான் முதலிலிருந்து திரும்ப எண்ணுவேன். காலையும் மாலையும் வதனி என் வாயில் வெப்பமானியையும் வைத்துப் பார்த்தாள், மனிதரையும் பிடிக்கிற நோய் அல்லவா. கடைசி நாள் 212. என் காய்ச்சல்: பூச்சியம். பெட்சீற்றை டேல் தகர பீப்பாவுக்குள் போட்டு எரித்தார். ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் சுபா கேட்ட முதல் கேள்வி, “என்ர சிவப்புப் பெட்சீற் எங்கை?”

இனி மில்லிக்கன் வாசகருக்கு. நாலு நாளுக்குக் குறைத்துப் போக நினைக்காதீர்கள், 2ஆம் இலக்க வீதியில் நித்திரைதான் எதிரி. மோல்ற்றாவுக்குத் தெற்கே கடை இல்லை, தண்ணீரும் பெற்றோலும் ஊரிலேயே நிரப்புங்கள். பிரெய்ரி டோக் பார்க்க விடிய அல்லது பின்னேரம் நல்லது, உச்சி வெயிலில் வளைக்குள் போய்விடும். காரிலிருந்தே பாருங்கள், சாப்பாடு போடாதீர்கள், செத்தது கிடந்தால் தொடாதீர்கள், வீட்டு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். சத்தமில்லாத கொலனியைக் கண்டால் இறங்கவே வேண்டாம். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வெட்கப்படாதீர்கள். விரிப்பு, பாய் எதுவும் வெளியே எடுக்காதீர்கள். திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால் வைத்தியரிடம் எங்கே போய்வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இலையான் மட்டை தேவைப்படாது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒக்ரோபரில் ஆய்வுகூடக் கடிதம் வந்தது. பெட்சீற்றில் பிடித்த இரண்டு தெள்ளிலும் நோய்க் கிருமி இல்லை. கடிதத்தை வதனி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எனக்காக ஒட்டிவிட்டாள். ஆனால் அதற்கு முன்பே, செப்ரெம்பரில், மேற்குக் கொலனியின் தெற்குப் பக்கத்தில் குலைப்பு அடங்கத் தொடங்கிவிட்டது என்று டேல் அறிவித்திருந்தார். நோயைக் காவி வந்தது கொயோட்டியாக இருக்கலாம், புது இடம் தேடி வந்த இளம் ஆணாக இருக்கலாம். பனி கொட்டியபின் யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

1998 யூனில் வதனி இன்னொரு மாணவியோடு போனாள். நாலாம் முறை பரீட்சை பாஸ், தானே ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பாண் இறக்கிவிட்டு வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்க மோல்ற்றாவிலிருந்து அழைப்பு வந்தது.

“அத்தான், மேற்குக் கொலனி அழிஞ்சு போட்டுது. அதின்ர தெற்குப் பக்கம், கிழக்குப் பக்கம், நடு, எல்லாம் சிலந்தி வலைதான்.” கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது. “ஆனா வடக்கு ஓரத்தில முப்பத்தொண்டு நிக்குது. ஒன்பது குட்டி. நீங்கள் பெட்சீற் உதறின இடத்தில. நாங்கள் பவுடர் அடிச்ச வளையள் மட்டும்.”

நான் ஒரு சப்பாத்தோடு நிலத்தில் இருந்துவிட்டேன். பின்னால் அவள் வாங்கிய பட்டமும் அந்த முப்பத்தொன்றைப் பற்றி எழுதித்தான். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்க ஒரேயொரு கேள்விதான் இருந்தது.

“வளைக்குள்ள துணி விட்டுப் பாத்தனீயோ?”

“நூறு வளை பாத்தம் அத்தான்,” என்றாள். “தெள்ளு இல்லை.”